பழத்தோட்டத்தில் ஒரு ஏமன் காசு

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஓர் ஊர். 2014இல் அங்கே ஒரு பழத்தோட்டத்தில் மெட்டல் டிடெக்டரோடு அலைந்துகொண்டிருந்த ஒருவருக்குச் சின்ன வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. ஸ்பானியக் காசாக இருக்கும், இல்லையென்றால் மாசசூசெட்ஸ் காலனியில் அடித்ததாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். நியாயமான ஊகம். காலனிகளில் எப்போதும் சில்லறைப் பஞ்சம். பாஸ்டன்காரர்கள் 1652இல் சொந்தமாகவே காசு அடிக்கத் தொடங்கி, அதே 1652ஐ முப்பது வருஷம் பொறித்துக்கொண்டிருந்தார்கள். மற்றபடி புழங்கியதில் பெரும்பங்கு ஸ்பானிய வெள்ளி.

ஆனால் இந்தக் காசில் இருந்தது அரபு எழுத்து. 1693இல் ஏமனில் அடித்தது.

டிடெக்டருக்கு இதெல்லாம் தெரியாது. அதன் சுருளிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் போகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. திரும்பி வரும் சிக்னலின் கட்ட வித்தியாசத்தை வைத்து, வெள்ளி என்றால் கீச்சென்று கத்தும், இரும்பு என்றால் உறுமும். அவ்வளவுதான். எப்படி வந்தது என்று நாமதான் தேடணும்.

கண்டெடுத்தவர் தேடினார். அவர் போய் நின்ற இடம் 1695 செப்டம்பர். ஹஜ் முடித்து சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் மறித்தான். கொள்ளைபோனது 3,25,000 பவுண்டு என்றது கிழக்கிந்தியக் கம்பெனி. 6,00,000 என்றது முகலாயர் தரப்பு. கப்பலில் இருந்த பெண்களுக்கு நடந்ததை யாரும் பவுண்டில் கணக்கிடவில்லை. மானத்துக்காகச் சிலர் கடலில் குதித்தார்கள் என்று முகலாய வரலாற்றாசிரியர் காஃபி கான் எழுதியிருக்கிறார். பதிலுக்கு சூரத்தில் இருந்த ஆங்கிலேயர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். லண்டனில் எவரியின் ஆட்கள் ஐந்து பேர் தூக்கில் தொங்கினார்கள். எவரி மட்டும் சிக்கவே இல்லை.

அவன் கும்பல் அமெரிக்கக் காலனிகளுக்கு வந்து பதுங்கியதற்கு இந்தக் காசுதான் சாட்சி என்பது அவர் வாதம். அதற்குப் பிறகு மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் இதே காலத்து அரபுக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு இடிப்பது ஓர் இடத்தில். மிடில்டவுனை ஒட்டியே இருக்கிறது நியூபோர்ட். அங்கிருந்த தாமஸ் டியூ, செங்கடலில் முகலாயக் கப்பல் ஒன்றைக் கொள்ளையடித்துவிட்டு 1694லேயே ஊர் திரும்பியவன். அவனைப் பார்த்து இன்னும் பலர் கிளம்பினார்கள். எவரியோடு சேர்ந்து வேட்டையாடிய கப்பல்களிலேயே ரோட் ஐலண்டிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் வந்தவை உண்டு. காசில் இருக்கும் வருஷம் ஒரு கீழ்வரம்பு மட்டுமே: 1693க்கு முன்னால் இந்தக் காசு இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கப்பலில், யார் சட்டைப்பையில் வந்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது. செங்கடல் வெள்ளி நியூ இங்கிலாந்துக்கு வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். எவரி வந்தான் என்று சொல்ல இந்த ஒரு காசு போதாது.

ஆனாலும் செய்திகளின் தலைப்பில் எவரிதான் இருந்தான். அந்த வெள்ளி அதற்கு முன்னால் ஏதாவது ஒரு ஹாஜியின் இடுப்பு முடிச்சில் இருந்திருக்கலாம். அவர் பெயரைத் தேடி இதுவரை யாரும் கிளம்பியதாகத் தெரியவில்லை.