ஸ்பீட்மாஸ்டர் கைக்கடிகாரமும் அசல் பாகங்களின் மதிப்பும்

ஸ்பீட்மாஸ்டர், சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இயங்கும் ஒமேகா நிறுவனம் 1957-ல் அறிமுகப்படுத்திய கைக்கடிகாரம். நேரம் காட்டுவதோடு, பொத்தானை அழுத்தி இடைப்பட்ட நேரத்தை அளக்கும் குரோனோகிராஃப் வகையைச் சேர்ந்தது. நிலவுக்குச் சென்ற கடிகாரம் என்று புகழ்பெற்ற இது, பழைய ஆடம்பரக் கடிகாரச் சந்தையில் அசல் பாகங்களின் மதிப்பு எப்படி உருவானது என்பதற்கும், அந்த மதிப்பே மோசடிக்கு எப்படி வழிவகுத்தது என்பதற்கும் முக்கிய எடுத்துக்காட்டாக உள்ளது.

தோற்றம்

ஸ்பீட்மாஸ்டர் முதலில் கார் பந்தயத்தை மனதில் கொண்டு உருவாக்கப்பட்டது. வேகத்தைக் கணக்கிட உதவும் டாக்கிமீட்டர் அளவுகோல் அதுவரை டயலில் அச்சிடப்பட்டு வந்தது. ஸ்பீட்மாஸ்டரில் அது கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்துக்கு மாற்றப்பட்டது. 2915 என்ற மாதிரி எண் கொண்ட முதல் தொகுதியில் எஃகு பெசலும் அகன்ற அம்பு வடிவ மணி முள்ளும் இருந்தன. 1959-ல் வந்த 2998 மாதிரியில் பெசல் கருப்பானது, முட்களின் வடிவமும் மாறியது. சில ஆண்டுகளே நீடித்த இத்தகைய சிறு வேறுபாடுகள் பிற்காலத்தில் விலையைத் தீர்மானிப்பவையாக அமைந்தன.

1962 அக்டோபர் 3 அன்று விண்வெளி வீரர் வால்டர் ஷிரா தம் சொந்த ஸ்பீட்மாஸ்டரை அணிந்து பூமியை ஆறு முறை சுற்றிவந்தார். பல நிறுவனங்களின் கடிகாரங்களை வெப்பம், குளிர், வெற்றிடம், அதிர்வு முதலிய சோதனைகளுக்கு உட்படுத்திய நாசா, 1965 மார்ச் 1 அன்று ஸ்பீட்மாஸ்டரை மனிதர் செல்லும் விண்பயணங்களுக்கு ஏற்றதென அறிவித்தது. 1969 ஜூலையில் நிலவில் நடந்தபோது எட்வின் ஆல்ட்ரின் இதை அணிந்திருந்தார். அவர் அணிந்த கடிகாரம் பின்னர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட வழியில் காணாமல் போனது.

கருவியாக இருந்த காலம்

அன்றைய உரிமையாளர்களுக்கு ஸ்பீட்மாஸ்டர் வேலைக்கான கருவி. பழுது பார்க்கக் கொடுத்தால் புதிதுபோலத் திரும்பி வர வேண்டும் என்றே எதிர்பார்த்தனர். இருளில் ஒளிர்வதற்காக டயலிலும் முட்களிலும் முதலில் ரேடியமும் 1960-களில் இருந்து டிரிட்டியமும் கலந்த பூச்சு பயன்பட்டது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள் மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள் என்றாலும், அதனோடு கலந்த ஒளிர்பொருள் கதிர்வீச்சால் விரைவில் சிதைந்துவிடும். எனவே ஒளி மங்கிய டயலையும் முட்களையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவது பழுது நிலையங்களின் வழக்கம். கீறல் விழுந்த கேஸ் மெருகூட்டப்பட்டது. அதனால் அதன் கூரிய விளிம்புகள் தேய்ந்து மழுங்கின.

வெயிலிலும் ஈரத்திலும் சில கருப்பு டயல்கள் பழுப்பு நிறமாயின. அப்போது அது வண்ணப்பூச்சின் குறையாகவே பார்க்கப்பட்டது. அத்தகைய டயல்கள் பல மாற்றப்பட்டு, கழிவோடு போயின.

மதிப்பு மாறிய விதம்

1970-களில் மலிவான, துல்லியமான குவார்ட்ஸ் கடிகாரங்கள் பரவியபின் இயந்திரக் கடிகாரம் நேரம் பார்க்க இன்றியமையாததாக இல்லை. அது சேகரிப்புப் பொருளாக மாறியது. ஏல நிறுவனங்கள் கைக்கடிகாரங்களுக்கென்றே தனி ஏலங்களை நடத்தத் தொடங்கின. பின்னர் இணையம் வந்து, உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க வழிசெய்தது.

பழுது பார்த்தவர் நீக்கிய பாகங்களே இப்போது அரியவை ஆயின. 1970 வாக்கில் வரை வந்த பெசல்களில் 90 என்ற எண்ணின் மேலே ஒரு புள்ளி இருக்கும், பிந்தையவற்றில் அது பக்கத்தில் இருக்கும். இந்தப் புள்ளிக்காகவே பழைய பெசல் தனியாகப் பெருந்தொகைக்கு விற்கிறது. குறையென்று கருதப்பட்ட பழுப்பு டயல், ‘டிராபிகல்’ என்ற பெயருடன் மிகவும் விரும்பப்படுவதாயிற்று.

2021 ஏலம்

2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், பழுப்பு டயல் கொண்ட 1957-ஆம் ஆண்டு 2915-1 ஸ்பீட்மாஸ்டர் ஒன்று விற்பனைக்கு வந்தது. 80,000 முதல் 1,20,000 சுவிஸ் பிராங்க் வரை போகும் என மதிப்பிடப்பட்ட அது, 31 இலட்சம் பிராங்குக்கு மேல் விலைபோனது. வாங்கியது ஒமேகாவே. தன் அருங்காட்சியகத்துக்காக அதை வாங்கியிருந்தது.

அதன் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பழைய கடிகாரங்களை ஆராய்வோர் ஐயம் எழுப்பினர். 2023 ஜூனில் ஒமேகா ஓர் அறிக்கை வெளியிட்டது. அக்கடிகாரத்தின் பாகங்களில் பெரும்பாலானவை உண்மையான ஒமேகா பாகங்களே, ஆனால் வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவை என்று அதில் கூறியது. தன் முன்னாள் ஊழியர்கள் மூவர் இதில் ஈடுபட்டதாகவும் அறிவித்தது. இவ்வாறு பல கடிகாரங்களின் பாகங்களால் ஆனதைச் சேகரிப்பாளர்கள் ‘பிராங்கன்ஸ்டைன் கடிகாரம்’ என்பர். மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட நாவலில், வெவ்வேறு உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்கும் விஞ்ஞானியின் பெயரிலிருந்து வந்த சொல் இது.

உண்மையான பாகமும் உடன்பிறந்த பாகமும்

இந்நிகழ்வு ‘அசல்’ என்ற சொல்லில் இரண்டு பொருள்கள் கலந்திருப்பதைக் காட்டியது. ஒரு டயல் அதே நிறுவனம் தயாரித்தது என்றால் அது உண்மையான பாகம். அந்தக் கடிகாரம் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே அதில் இருந்தது என்றால் அது உடன்பிறந்த பாகம். முதலாவதைக் கண்டறியக் கூரிய கண் போதும். இரண்டாவதை நிறுவுவது கடினம். பழைய ஒமேகாவில் வரிசை எண் உள்ளிருக்கும் இயந்திரத்தில் மட்டுமே பொறிக்கப்பட்டது. மூடியின் உட்புறம் மாதிரி எண்ணே இருக்கும். டயலுக்கும் முட்களுக்கும் தனி எண் கிடையாது. நிறுவனத்தின் பழைய பதிவேடு, அந்த எண்ணுள்ள இயந்திரம் எப்போது தயாராகி எந்த நாட்டுக்குச் சென்றது என்பதைக் கூறும். அதன்மேல் இன்று இருக்கும் டயல் அன்றும் இருந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஆகவே வாங்குவோர் பாகங்களின் ஒற்றுமையைப் பார்க்கின்றனர். டயலிலும் முட்களிலும் உள்ள ஒளிர்பூச்சு ஒரே அளவு நிறம் மாறியிருக்க வேண்டும். டயல், பெசல், முட்கள், இயந்திரம் நான்கும் ஒரே காலத்தைச் சேர வேண்டும். கேஸின் விளிம்புகள் மழுங்காமல் இருப்பது நல்லது. இவற்றையும் தேர்ந்த கை போலியாக ஒத்திசைக்க முடியும் என்பதால், முதல் உரிமையாளரின் ரசீது, பழைய படம், பழுதுச் சீட்டு போன்றவை மேலும் மதிப்புப் பெறுகின்றன.

பழுது பார்க்கும்போது நீக்கிய பாகங்களைச் சிறு உறையில் இட்டுக் கடிகாரத்தோடு வைத்திருக்கும் வழக்கம் இன்று சேகரிப்பாளர்களிடையே உள்ளது. ஒளி மங்கிய பழைய முள் இனி நேரம் காட்டப் பயன்படாமல் போகலாம். எனினும் அந்தக் கடிகாரத்தின் வரலாற்றுக்கு அது சான்றாகிறது.