கருஞ்சிறுத்தையின் மகன்

அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூரைப் பற்றி எழுதுவோரில் பலர் 1996இல் லாஸ் வேகஸ் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால், அவருடைய பாடல்களில் மாறி மாறி ஒலிக்கும் சினத்துக்கும் பரிவுக்குமான வேர், அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்த ஒரு சதி வழக்கில் இருக்கிறது.

1966இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சி, போலீஸாரின் அத்துமீறலுக்கு எதிராகக் கறுப்பின மக்கள் ஆயுதமேந்தித் தற்காத்துக்கொள்ளும் உரிமையைப் பேசியது. ஏழைக் குழந்தைகளுக்குக் காலை உணவும் அளித்தது. 1972இல் மும்பையில் எழுந்த தலித் பாந்தர் இயக்கமும், அதன் வழியே தமிழகத்தின் விடுதலைச் சிறுத்தைகளும் பெயர் கொண்டது இக்கட்சியிடமிருந்துதான். அதன் நியூயார்க் கிளையைச் சேர்ந்த 21 பேர் மீது, கடைகளையும் காவல் நிலையங்களையும் தகர்க்கச் சதி செய்ததாக 1969 ஏப்ரலில் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் ஒருவரான அஃபெனி ஷகூருக்கு அப்போது வயது 22. சட்டம் படிக்காதவர் என்றாலும், தம் தரப்பைத் தாமே வாதிடுவதென்று அவர் முடிவெடுத்தார். பிணையில் வெளிவந்திருந்தபோது கருவுற்ற அவர், உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் தலைமறைவானதால் பிணை ரத்தாகி மீண்டும் சிறைக்குப் போனார். அங்கே வயிற்றுப் பிள்ளைக்காக நாளுக்கு ஒரு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் பெறுவதற்கே நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. கட்சிக்குள் ஊடுருவியிருந்த உளவுப் போலீஸ்காரரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்தவரும் அவரே. அஃபெனி யாரையும் கொன்றதையோ எங்கும் குண்டு வைத்ததையோ தாம் பார்த்ததில்லை என்று அந்தச் சாட்சி ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சுமார் எட்டு மாதங்கள் நீடித்த விசாரணைக்குப் பின் 1971 மே மாதம், விசாரிக்கப்பட்ட அனைவரும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையாயினர். ஜூன் 16 அன்று நியூயார்க்கில் மகன் பிறந்தான்.

அவனுக்குப் பின்னர் நிலைத்த டூபாக் அமாரு என்ற பெயர், பெரு நாட்டில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக 1780இல் பழங்குடி மக்களைத் திரட்டிக் கிளர்ந்து, மறு ஆண்டு கூஸ்கோ நகரச் சதுக்கத்தில் கொல்லப்பட்ட இரண்டாம் டூபாக் அமாருவின் பெயராகும். இவ்வளவு பெரிய பெயரைச் சுமந்த பிள்ளை வளர்ந்ததோ, அந்தப் பெயருக்குப் பொருள் தந்த இயக்கம் சிதைந்துகொண்டிருந்த காலத்தில். வளர்ப்புத் தந்தை முட்டுலு ஷகூர், உயிர்ப்பலியில் முடிந்த 1981ஆம் ஆண்டுக் கவச வண்டிக் கொள்ளை தொடர்பாகத் தேடப்பட்டு, 1986இல் பிடிபட்டார். தாயும் வேலையின்றி ஊர் ஊராக மாறி, காலப்போக்கில் கிராக் என்ற போதைப்பொருளுக்கு அடிமையானார். புகைத்து உட்கொள்ளும் வகையில் கட்டியாக மாற்றப்பட்ட மலிவான கோகெயினே கிராக். 1980களில் அது கறுப்பினக் குடியிருப்புகளைச் சீரழித்தது.

இடையில் பால்டிமோர் கலைப் பள்ளியில் கிடைத்த சில ஆண்டுகளை டூபாக்கின் வாழ்வில் வாய்த்த ஒரே நிழல் எனலாம். நாடகமும் கவிதையும் பாலே நடனமும் அங்கே பயின்ற டூபாக் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். 1988இல் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட் என்ற குழுவில் சாமான் தூக்குபவராகவும் ஆட்டக்காரராகவும் சேர்ந்த அவர், 1991 நவம்பரில் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அதற்கு முந்திய மாதம், கருஞ்சிறுத்தைகள் பிறந்த அதே ஓக்லண்டில், சாலையை விதி மீறிக் கடந்தார் என்று நிறுத்திய போலீஸார் அவரைத் தாக்கினர். வழக்குத் தொடுத்து அவர் இழப்பீடும் பெற்றார்.

தமிழில் சொல்லிசை என்று வழங்கும் ராப், இராகத்தைவிடச் சொல்லை முதன்மையாகக் கொண்டது. நம் யாப்பு இயைபு என்று கூறும், அடியிறுதி ஒலி ஒன்றி வருவதே அதன் உயிர். இக்கலையில் டூபாக்கைவிடச் சிக்கலாக இயைபு பின்னியவர்கள் உண்டு. அவருடைய வலிமை குரலில் இருந்தது. உயிரொலிகளை இழுத்துத் தாளத்தின் மீது ஊன்றிச் சொல்வதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதும் அவர் பாணி. அதனால் தனி மனிதனின் பேச்சு ஒரு கூட்டத்தின் பேச்சாகக் கேட்கும்.

12 வயதுச் சிறுமி ஒருத்தி தான் பெற்ற குழந்தையைக் குப்பையில் எறிந்த நாளிதழ்ச் செய்தியிலிருந்து முதல் ஆல்பத்தின் 'பிரெண்டாஸ் காட் எ பேபி' பிறந்தது. அந்த ஆல்பத்துக்குச் சமூகத்தில் இடமில்லை என்று 1992இல் துணை அதிபர் டான் குவேல் கண்டித்தார். அவருடைய கோபம் போலீஸுக்கு எதிரான வரிகளின் மீது. பிரெண்டாவின் கதை அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு 'ஜூஸ்' படத்தில் நடித்து டூபாக் திரையிலும் பெயர் பெற்றார்.

பெண்களை மதிக்கச் சொல்லும் 'கீப் யா ஹெட் அப்' தனிப்பாடலாக வெளிவந்தது 1993இன் பிற்பகுதியில். ஒரு பெண் தம் மீதான பாலியல் தாக்குதலுக்காக அவர் மீது புகார் அளித்தது அதே ஆண்டு நவம்பரில். குற்றத்தை அவர் மறுத்தபோதும், 1994 டிசம்பர் 1 அன்று பாலியல் அத்துமீறல் குற்றவாளியெனத் தீர்ப்பு வந்தது. அதற்கு முதல் நாள் இரவுதான் நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடமொன்றின் வாசலில் சுடப்பட்டு உயிர் தப்பியிருந்தார். அவருடைய புகழ் பாடுவோர் இத்தீர்ப்பை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். பாட்டு உயர்ந்தது என்பதால் குற்றம் சிறுத்துவிடாது.

அக்குற்றத்துக்காக டூபாக் சிறையில் இருந்தபோது, 1995 மார்ச்சில் வெளியான 'மீ அகென்ஸ்ட் த வேர்ல்ட்' ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் உள்ள 'டியர் மாமா' தாய்க்கு எழுதிய மடல். ராப்பில் பழைய இசைத்தட்டின் துண்டை எடுத்துப் புதிய பாட்டுக்கு அடித்தளமாக்குவதைச் சாம்பிள் என்பர். ஜோ சாம்பிள் என்ற பியானோ கலைஞரின் பழைய இசைத்துண்டு ஒன்று மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்க, 17 வயதில் வீட்டிலிருந்து துரத்தப்பட்டதையும், தாயின் போதைப் பழக்கத்தையும், கையில் ஒன்றுமில்லாத நாளிலும் அவர் பண்டிகை விருந்து சமைத்துப் போட்டதையும் மகன் சொல்லிச் செல்கிறான். பொதுவாக அன்னையைத் தெய்வமாக்கும் பாடல்கள் அவளுடைய குறையைப் பேசுவதில்லை. இது முதலில் குறையைச் சொல்லிவிட்டே நன்றியைச் சொல்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010இல் இதனைத் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்த்தது.

1995 அக்டோபரில் டெத் ரோ என்ற இசை நிறுவனத்தின் தலைவர் ஷூக் நைட் 14 லட்சம் டாலர் பிணைக்கு ஏற்பாடு செய்ய, டூபாக் வெளியே வந்தார். அதற்கு விலை மூன்று ஆல்பங்களுக்கான ஒப்பந்தம். 27 பாடல்கள் கொண்ட இரட்டை ஆல்பம் 1996 பிப்ரவரியில் வெளியாயிற்று. நியூயார்க்கில் தம்மைச் சுட்டதில் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.க்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் பங்குண்டு என்று டூபாக் நம்ப, கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று பத்திரிகைகள் ஊதிவிட்ட பகை வளர்ந்தது. செப்டம்பர் 7 அன்று மைக் டைசனின் குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டுக் காரில் சென்ற டூபாக், லாஸ் வேகஸ் சாலைச் சந்திப்பில் நின்றபோது பக்கத்துக் காரிலிருந்து சுடப்பட்டார். ஆறு நாட்களுக்குப் பின் 25 வயதில் இறந்தார். மறு ஆண்டு மார்ச்சில் பி.ஐ.ஜி.யும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போதையிலிருந்து மீண்டிருந்த அஃபெனி, மகனின் பதிவுகளை வெளியிட 1997இல் ஒரு நிறுவனம் தொடங்கி அதற்கு அமாரு என்று பெயரிட்டார். டூபாக் கொலையில் முதல் கைது நடந்தது 27 ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில். கைதானவர் குற்றத்தை மறுத்தார். அதைப் பார்க்க அஃபெனி இல்லை. அவர் 2016 மே மாதம் காலமானார்.