ஆலைக்குள் நீராவி

பருத்தி நூல் உலர்ந்த குளிர்காற்றில் விறைத்து அறுந்துபோகும். இளஞ்சூடும் ஈரமும் கலந்த காற்றில் இழைந்துகொடுக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் எழுந்த பருத்தி ஆலைகளின் உஷ்ண ஏற்பாடுகளும் காற்றோட்ட ஏற்பாடுகளும் பெரும்பாலும் நூலின் இந்தச் சுபாவத்தை அனுசரித்தே அமைந்தன. அந்த நூலின் அருகில் பொழுது முழுதும் நின்று உழைத்தவர்களின் சுவாசத்தைப் பற்றிய கவலை வெகுகாலம் கழித்தே சட்டத்தில் இடம்பெற்றது என்பதை வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஆலைகளைச் சூடாக்கியவை கரியடுப்புகளே. மரத்தளமும் மர உத்தரமும், அவற்றின்மேல் எண்ணெய்க் கசிவும், எங்கும் பறக்கும் பஞ்சுத் துகளுமாக இருந்த கட்டடத்தில் ஒரு பொறி போதும், அடுக்கு மாடி முழுவதும் அக்கினிக்கு இரையாகும். நீராவியைக் குழாய் வழியே செலுத்தி அறைகளை வெதுவெதுப்பாக வைக்கலாம் என்று வில்லியம் குக் என்ற கர்னல் 1745-இலேயே எழுதியிருந்தார். ஜேம்ஸ் வாட் 1784-இல் தம் எழுத்தறையில் அதைப் பரீட்சித்தும் பார்த்தார். ஆயினும் அம்முறை ஆலைக்குள் புகுந்தது 1799-இல், நீல் ஸ்நாட்கிராஸ் ஸ்காட்லாந்தின் வடபகுதியிலிருந்த ஒரு நூற்பாலையில் அதை அமைத்தபோதுதான். அதே ஆண்டில் தொடங்கி 1801-இல் முடிந்த ஸால்ஃபோர்டு நூற்பாலையில், போல்ட்டன்–வாட் கம்பெனியார், ஏழு மாடிகளைத் தாங்கிய வார்ப்பிரும்புத் தூண்களை உள்ளீடற்றவையாக வார்த்து, பாரம் சுமக்கும் அத்தூண்களையே நீராவி செல்லும் மார்க்கமாகவும் ஆக்கிவிட்டனர். அந்த யுகத்தின் பொறியியல் நுட்பங்களில் இதற்கு ஈடாக நான் மதிப்பவை மிகச் சிலவே.

நீராவி குளிர்ந்து நீராகும்போது தன்னுள் மறைந்திருந்த உஷ்ணத்தை வெளியிடுகிறது. ஒரு கிலோ நீராவி அவ்வாறு மாறுகையில் வெளிப்படுவது சுமார் 540 கிலோ கலோரி. சிறிய குழாயும் பெரிய கூடத்தைச் சூடாக்குவது இதனால்தான். ஆனால் இந்த உபகாரத்தைப் பெற இடைவிடாத பராமரிப்பு வேண்டும். குழாய் கிரமமான சரிவில் அமையாவிட்டால் குளிர்ந்த நீர் பள்ளங்களில் தேங்கும்; பின்னால் வரும் நீராவி அதை உந்தி, சம்மட்டியால் அடித்ததுபோல் குழாயை அதிரச் செய்யும். உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றாவிட்டால், கொதிகலனில் எவ்வளவு கரி எரித்தாலும் குழாயின் கடைப்பகுதி குளிர்ந்தே கிடக்கும். நூறடி நீள இரும்புக் குழாய் சூடேறும்போது ஓர் அங்குலத்துக்கும் சற்று மேலாக நீள்வதால், அந்த நீட்சிக்கு இடம் விடாதவன் வெடித்த இணைப்புகளையே பார்ப்பான். வாட்டின் பெயரை அறிந்த சரித்திரம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியுமுன் கொதிகலனை மூட்டி, வால்வுகளைத் திருகி, கசிவுகளை அடைத்து வந்த தொழிலாளியின் பெயரை எங்கும் குறித்துவைக்கவில்லை.

காற்றோட்டம் இந்த நீராவிச் சூட்டுக்கு நேர்மாறான கதை. 1802-ஆம் ஆண்டுச் சட்டம், ஆலைகளில் போதிய சாளரங்கள் வேண்டும், சுவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று விதித்தது. மேற்பார்வையை உள்ளூர் நீதிபதிகள் நியமித்த பார்வையாளரிடம் விட்டதால் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. சம்பளம் பெறும் இன்ஸ்பெக்டர்கள் 1833-க்குப் பிறகே வந்தார்கள்.

நிலைமை மிகவும் கேடுற்றது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது. 1861 முதல் 1865 வரை அமெரிக்கப் பஞ்சு தடைப்பட, லங்காஷயர் நம் நாட்டுச் சூரத்துப் பஞ்சை நம்ப நேர்ந்தது. அதன் குட்டை இழை தறியின் இழுப்பைத் தாங்காமையால் பாவுக்குக் கனமாகக் கஞ்சி போட்டார்கள். கஞ்சியில் சீனக் களிமண்ணையும் அளவின்றிக் கலந்தார்கள். உலர்ந்தால் அந்தப் பாவு நொறுங்குமாதலால், குழாய்க்குள் அடங்கியிருந்த நீராவியை நெசவுக்கூடத்தின் காற்றிலேயே பீச்சியடித்தார்கள். போர் முடிந்தது, வழக்கம் முடியவில்லை. டாட்மோர்டன் ஊர் நெசவாளரின் முறையீட்டின்மேல் டாக்டர் ஜார்ஜ் புக்கானன் விசாரித்து 1872-இல் அறிக்கை தந்தார். களிமண் தூசியைச் சுவாசித்து, நனைந்த உடையோடு குளிரில் வீடு திரும்பிய ஸ்திரீகளும் புருஷர்களும் இருமலால் வருந்தியதை அறிந்தும், தக்க சட்டம் வர மேலும் பதினேழு ஆண்டுகள் சென்றது எந்த நியாயத்துக்கும் பொருந்தாது.

1889-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் இவ்வளவு ஈரமே இருக்கலாமென்று அட்டவணை வகுத்து, உலர்குமிழ்–ஈரக்குமிழ் வெப்பமானிகளைக் கூடத்தில் மாட்டச் செய்தது. ஓர் ஆளுக்கு மணிக்கு 600 கன அடி புதிய காற்று வேண்டுமெனவும் விதித்தது. இங்கேதான் மெய்யான சிக்கல்: புதிய காற்றை விட்டால் ஈரமும் சூடும் போய்விடும், அடைத்துவைத்தால் மனிதர் திணறுவர். ஆகவே உள்ளே வரும் காற்றை முதலிலேயே சூடாக்கி, அளவாக நனைத்து, விசிறியால் செலுத்தும் முறை பரவலாயிற்று. பின்னர், பத்தாயிரம் பங்கு காற்றில் கரியமிலவாயு ஒன்பது பங்கை மீறலாகாது என்று காற்றின் தூய்மைக்கே அளவு குறித்தார்கள். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் 13-ஆவது பிரிவு காற்றோட்டத்தையும் வெப்பத்தையும், 15-ஆவது பிரிவு செயற்கையாக ஈரமூட்டுவதையும் ஆண்டுவந்தன; ஈரமூட்டும் நீர் குடிநீராகவோ நன்கு சுத்தி செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டுமென்று பிந்திய பிரிவு கண்டிப்பாகக் கூறியது.