ஆன்மாவும் ஆய்வுக்கூடமும்

1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதே ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், திருத்தந்தை 13ஆம் லியோ 'ஏத்தெர்னி பாத்ரிஸ்' என்னும் சுற்றுமடல் வழியாகப் புனித தோமா அக்குவினாவின் மெய்யியலை மீண்டும் கற்குமாறு திருச்சபையை அழைத்தார். இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் நூல் அரிது.

வுண்டின் கூடத்தில் ஒலி கேட்டதும் ஒருவர் விசையை அழுத்துவார். இடைப்பட்ட நொடிக்கூறு அளக்கப்படும். புலனுணர்வு, கவனம், எதிர்வினை நேரம் என உளவியல் மாணவர் இன்று முதலில் பயிலும் கருத்துகள் இவ்வாறே அளவுக்கு உட்பட்டன. மனத்தையே அளந்துவிட்டால் ஆன்மாவுக்கு ஏது இடம் என்ற அச்சம் எழுந்தது. அது இயல்பானதே.

பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் 1882 முதல் தோமாவின் மெய்யியலைக் கற்பித்த அருள்பணி தெசிரே மெர்சியே அஞ்சவில்லை. ஆன்மாவைச் சிந்தனையாகவும் உடலை இயந்திரமாகவும் பிரித்தவர் தெக்கார்த்து. தோமாவுக்கோ உடலும் ஆன்மாவும் இணைந்த ஒருமையே மனிதன். அவ்வாறாயின், நரம்பையும் புலனையும் ஆராய்வது ஆன்மாவுக்குப் பகையாவது எங்ஙனம்? 1890களில் அவரது முயற்சியால் லூவேனிலும் உளவியல் ஆய்வுக்கூடம் எழுந்தது. வுண்டிடம் பயின்ற அர்மான் தியெரி அதை நடத்தினார். மெர்சியே 1906இல் மெக்கலன் பேராயராகவும், 1907இல் கர்தினாலாகவும் உயர்ந்தார்.

அக்கூடத்தின் பொறுப்பைப் பின்னர் ஏற்ற ஆல்பர் மிஷோத் ஒரு சோதனை செய்தார். நகரும் வடிவம் ஒன்று மற்றொன்றைத் தொட, அது உடனே நகர்ந்தால், 'இது அதைத் தள்ளியது' என்றே காண்கிறோம். நொடியின் சிறு பகுதி தாமதித்தால் போதும், அத்தோற்றம் மறைந்துவிடும். 1946இல் இதை அவர் நூலாக வெளியிட்டார்.