ஐஸ்லாந்தில் மொழிபெயர்ப்புத் தொழிலின் தோற்றமும் வளர்ச்சியும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

ஐஸ்லாந்திய மொழியின் நிலைபேறு பற்றி எழுதுவோர் அம்மக்களின் மொழிப்பற்றையும் அத்தீவின் தனிமையையும் காரணங்களாகக் காட்டுவது வழக்கம். நான்கு இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஒரு நாட்டிலே பாராளுமன்றமும் நீதிமன்றமும் பாடசாலையும் சொந்த மொழியிலேயே இயங்குவதை நோக்குமிடத்து இவ்விளக்கம் போதுமானதெனத் தோன்றலாம். ஆயின், பற்று மாத்திரம் ஒரு சட்டப் பிரிவையேனும் மொழிபெயர்த்துவிடாது. ஒருவர் அமர்ந்து அதனைச் செய்தாக வேண்டும். அவர் உண்ணவும் உடுக்கவும் வேண்டும். அங்கு மொழிபெயர்ப்பாளரைத் தாங்கி நின்றது யாது என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

மத்திய காலத்திலேயே ஐஸ்லாந்தியர் இலத்தீன் நூல்களைத் தம் மொழியிற் பெயர்த்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த முதலாவது இலக்கண நூல், அம்மொழியில் எழுதப்பட்டுவந்தவற்றைக் குறிப்பிடுகையில் சட்டங்களோடும் வம்ச வரலாறுகளோடும் சமயப் பொருள்விளக்கங்களையும் சேர்த்தே கூறுகின்றது. அக்காலத்திற் புரவலனாக விளங்கியது திருச்சபையே.

சமயச் சீர்திருத்தத்தோடு நிலைமை மாறிற்று. ஒட்டுர் கொட்ஸ்கால்க்சன் பெயர்த்த புதிய ஏற்பாடு 1540இல் டென்மார்க்கின் ரொஸ்கில்ட நகரில் அச்சாயிற்று. இன்று எஞ்சியுள்ள ஐஸ்லாந்திய அச்சு நூல்களுள் மிகப் பழையது இதுவே. கத்தோலிக்க ஆயரின் கண்ணிற் படாதவாறு ஸ்கால்ஹோல்ட்டின் மாட்டுத் தொழுவத்தில் அவர் இப்பணியைச் செய்தார் என்பது மரபுவழிச் செய்தி. பின்னர், ஆயர் குத்பிராந்தூர் தோர்லாக்சன் முழு விவிலியத்தையும் 1584இல் ஹோலாரில் அச்சிட்டார். ஏறத்தாழ 500 பிரதிகள் கொண்ட அப்பதிப்புக்கு நாட்டின் தேவாலயங்கள் பணம் வழங்க வேண்டுமென டேனிய அரசன் கட்டளையிட்டான். அதாவது, ஒரு மொழிபெயர்ப்பின் செலவை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு பதினாறாம் நூற்றாண்டிலேயே அங்கு தோன்றிவிட்டது.

இதன் பெறுபேற்றை அயலிலுள்ள நாடுகளோடு ஒப்பிடும்போதே உணரலாம். அதே டேனிய முடியின் கீழிருந்த நோர்வே டேனிய விவிலியத்தையே பயன்படுத்திற்று. அதன் எழுத்து மொழியும் டேனியமாயிற்று. பாரோத் தீவுகளின் மக்கள் முழு விவிலியத்தைத் தம் மொழியிற் காண இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தனிமை ஒன்றே மொழியைக் காத்திருக்குமாயின், பாரோத் தீவுகளும் தனித்தே கிடந்தன என்பதை மறந்துவிடலாகாது.

திருச்சபையின் தேவைக்குப் புறம்பான மொழிபெயர்ப்புக்கு இத்தகைய ஆதரவு கிட்டவில்லை. வடபுலத்துப் பைகிசாவில் வறிய மதகுருவாக வாழ்ந்த யோன் தோர்லாக்சன் (1744–1819) இதற்குத் தக்க சான்றாவார். (முற்கூறிய ஆயருக்கும் இவருக்கும் உள்ள பெயரொற்றுமை குடும்பத் தொடர்பைக் குறிப்பதன்று, ஐஸ்லாந்தியரின் பின்பெயர் பெரும்பாலும் தந்தை பெயரின் வழிவருவதே.) மில்டனின் 'இழந்த சுவர்க்கம்' என்னும் காவியத்தை, டேனிய, ஜெர்மன் மொழிபெயர்ப்புகளின் துணைகொண்டு அவர் பழைய ஐஸ்லாந்திய யாப்பில் ஆக்கினார். 1814இல் அவரைச் சந்தித்த எபனேசர் ஹென்டர்சன் என்னும் ஸ்கொட்லாந்துப் பயணி, நான்கடி உயரமுமில்லாத வாயிலையும், எட்டடி நீளமும் ஆறடி அகலமுங் கொண்ட அறையையும், சிறு சாளரத்தின் எதிரேயிருந்த மேசையையும் வருணித்துள்ளார். அப்போது மதகுருவோ வைக்கோல் வெட்டும் வயலில் நின்றாராம். அவரது மொழிபெயர்ப்பு முழுமையாக நூலுருப் பெற்றது 1828இல். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர். இதனைத் தியாகமெனப் போற்றும் இலக்கிய வரலாற்றாசிரியர் உளர். உழைப்புக்கு ஊதியம் வழங்காத ஒரு சமூக அமைப்பின் விளைவென்று கூறுவதே பொருத்தமானது.

டேனிய மொழியியலாளர் ராஸ்முஸ் ராஸ்க், 1813இல், இன்னும் நூறு ஆண்டுகளில் றெய்க்யாவிக்கில் ஐஸ்லாந்தியத்தை விளங்கிக்கொள்வோர் அரிதாவர் என எழுதினார். வணிகமும் நிருவாகமும் டேனியத்தில் நடைபெற்றமையே அவரது அச்சத்துக்கு அடிப்படை. 1816இல் அவரது முயற்சியுடன் ஐஸ்லாந்திய இலக்கியக் கழகம் தோன்றிற்று. கவிஞர் யோனாஸ் ஹால்கிரிம்சன் 1842இல் ஒரு டேனிய வானியல் நூலைப் பெயர்த்தபோது, புவியீர்ப்புக்கு 'தன்பால் இழுக்கும் வலு' எனப் பொருள்படும் சொல்லொன்றை ஆக்கினார். அச்சொல் இன்றும் வழங்குகின்றது. கலைச்சொல் அகராதிகள் குழுக்களிற் பிறக்க வேண்டும் என்று கருதுவோர், ஒரு நூலைப் பெயர்த்து முடிக்கவேண்டிய நிர்ப்பந்தமே இச்சொல்லைப் பிறப்பித்தது என்பதைக் கவனித்தல் நன்று.

1944இல் குடியரசு உருவான பின்னரும் இலக்கிய மொழிபெயர்ப்பு பெரும்பாலும் பிறதொழில் செய்தோரின் ஓய்வுநேரப் பணியாகவே இருந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அனைத்தையும் பெயர்த்த ஹெல்கி ஹால்வ்தானர்சன் ஒரு மருந்தாளர்.

முழுநேரத் தொழிலாக மொழிபெயர்ப்பை நிலைநிறுத்தியது இலக்கியமன்று, சந்தையே. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி பற்றிய பேச்சுவார்த்தைகளின்போது, பெருந்தொகையான ஐரோப்பியச் சட்டங்களை ஐஸ்லாந்தியத்தில் ஆக்கும் பொருட்டு 1990இல் வெளிநாட்டமைச்சின் கீழ் மொழிபெயர்ப்பு நிலையமொன்று நிறுவப்பட்டது. 1992இல் கைச்சாத்தாகி 1994இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் 129ஆம் உறுப்புரை, அதன் ஐஸ்லாந்திய வாசகத்தையும் ஏனைய மொழிகளின் வாசகங்களையும் ஒத்த அதிகாரமுடையனவாக ஏற்றுக்கொண்டது. ஆகவே, மொழிபெயர்ப்பாளன் எழுதியது விளக்கமன்று, அதுவே சட்டம். மீன்பிடி, உணவு, வங்கி, இரசாயனம் எனத் துறைதோறும் அந்நிலையம் திரட்டிய கலைச்சொற்கள் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. மூலதனத்தின் தடையற்ற பாய்ச்சலுக்காக எழுந்த ஓர் ஒப்பந்தம் ஒரு சிறு மொழியின் சட்டத்தமிழுக்கு நிகரான நடையொன்றை வளர்த்துவிட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

சந்தை தானாக இதனைச் செய்துவிடும் எனக் கொள்வது தவறு. 1990களின் பிற்பகுதியில் மைக்ரோசொப்ட் நிறுவனம், பாவனையாளர் தொகை சிறிதென்பதால், விண்டோஸ் மென்பொருளை ஐஸ்லாந்தியத்தில் வெளியிடத் தயங்கிற்று. அரசாங்கம் தலையிட்டதன் பின்னரே 1999இல் உடன்பாடு ஏற்பட்டது.

அண்மைக் காலத்தில் மொழிபெயர்ப்பின் திசையும் விரிந்துள்ளது. இன்று ஐஸ்லாந்தின் குடிசனத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் பிறநாட்டிலிருந்து குடியேறியோர். போலந்து நாட்டவரே அவர்களுட் பெருந்தொகையினர். ஐஸ்லாந்தியம் அறியாத நோயாளிக்கு உரைபெயர்ப்பு வழங்கப்பட வேண்டுமென 1997ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைச் சட்டம் விதிக்கின்றது. ஒருகாலத்தில் டேனியத்தின் முன் தன்னை நிலைநாட்டப் போராடிய மொழி, இன்று தன்னை அறியாத மீன் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் துப்புரவுப் பெண்ணுக்கும் விடையளிக்க வேண்டிய ஆட்சிமொழியாகியுள்ளது.

இயந்திர மொழிபெயர்ப்பும் இப்போது இத்தொழிலில் நுழைந்துவிட்டது. ஐஸ்லாந்தியத்தையும் ஆங்கிலத்தையும் இணைத்து இயந்திரங்களைப் பயிற்றுவதற்கெனத் தொகுக்கப்பட்ட இணைவாசகத் திரட்டிலே கணிசமான பகுதி, அந்த ஐரோப்பியச் சட்டங்களின் மொழிபெயர்ப்பேயாகும். அவற்றை வரிவரியாக ஆக்கியோர் அமைச்சின் ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள்.