காரைக்கால் வார்டில் கடவுளும் நர்ஸும்

காரைக்கால் கோவில்பத்தில் இருக்கும் பார்வதீசுவரர் கோயில்தான் தேவாரம் பாடிய திருத்தெளிச்சேரி. சம்பந்தர் இங்கே தொழுது, அடுத்துப் போதிமங்கையில் பௌத்தர்களை வாதில் வென்றார் என்கிறது பெரியபுராணம். தோற்றவர்களின் சுவடு இன்று இப்பக்கத்தில் அநேகமாக இல்லை. பின்னால் வந்த இரண்டு மதங்கள் மஸ்தான் சாகிபு தர்காவாகவும் மாதா கோயிலாகவும் அதே ஊரில் நிலைத்துவிட்டன. தெருவில் மூன்றும் இடிக்காமல் போகலாம். ஆஸ்பத்திரி வார்டில் அது நடக்காது. பிறப்பும் சாவும் அடுத்தடுத்த கட்டில்களில் நடக்கும் அந்த இடத்தில் மூன்று மதங்களின் சடங்குக்கும் அச்சத்துக்கும் நடுவில் நிற்பவர் நர்ஸ். அவருக்கும் ஒரு மதம் உண்டு. இந்தக் கரையில் அவர் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வார்டுக்கு ஆள் சேர்க்க அவருடைய நம்பிக்கையை நிர்வாகங்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. அதே நம்பிக்கை ‘இதை நான் செய்யமாட்டேன்’ என்று சொன்னபோது மட்டும் அதற்கு ஒரு காது இல்லாமல் போயிற்று.

ஆள் சேர்ந்த கதையிலிருந்தே தொடங்கலாம். டெல்டா ஊர்களில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர் (நாவிதர்) சமூகத்துப் பெண்கள். ஊருக்கே பிள்ளை எடுத்துக் கொடுத்தாலும், உதிரமும் நஞ்சுக்கொடியும் தொட்ட கை தீட்டுக் கைதான். நவீன ஆஸ்பத்திரி வந்தபோது இந்தத் தீட்டு செருப்பைப் போல வாசலிலேயே நின்றுவிடவில்லை. சென்னையில் மேரி ஷார்லீப் 1885-ல் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை, சாதியையும் கோஷா என்ற திரைமறைவையும் தன் பெயரிலேயே சுமந்தது. இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். நோயாளியின் ஆசாரத்துக்குக் கட்டடமே கிடைத்தது. ஆனால் அந்த நோயாளியைத் தொட்டுத் துடைத்துவிட யார் வருவார்கள்? வேலூரில் ஐடா ஸ்கட்டரின் மருத்துவமனை 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, சேர்ந்த பெண்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காரைக்கால் பக்கம் அந்த இடத்தை நிரப்பியது துறவு. குளூனி சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-ல் புதுச்சேரி வந்து பள்ளியிலும் மருத்துவமனையிலும் வேலையை ஏற்றார்கள். கல்யாணக் கவலை இல்லாத, சம்பளம் பெரிதாகக் கேட்காத, இரவென்றும் பகலென்றும் பாராத ஆட்கள். எந்த அரசுக்கு இது கசக்கும்? (அதே திருச்சபை புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கியிருந்தது வேறு கதை.)

வேலைக்கு வந்த நம்பிக்கை வேலையோடு மட்டும் நிற்கவில்லை. காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரி மறைமாவட்டத்தில் ஊழியம் செய்த பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் ஆண்டறிக்கைகளில், சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்ற பிற மதக் குழந்தைகளின் எண்ணிக்கை தனியாகவே வரும். 1843-ல் பிரான்சில் தொடங்கிய திருப்பாலத்துவ சபை இதற்காகவே பணம் திரட்டியது. சாவின் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் இசையாவிட்டாலும் ஞானஸ்நானம் தரலாம் என்று 1917-ன் திருச்சபைச் சட்டம் சொன்னது. 1983-ன் சட்டமும் அதை எடுத்துவிடவில்லை. கொடுப்பதற்குக் குருவானவர் வேண்டியதில்லை. நெற்றியில் கொஞ்சம் தண்ணீர், வாய்க்குள் ஒரு வாக்கியம், அவ்வளவுதான். காய்ச்சலில் துவளும் குழந்தைக்கு ஈரத்துணி வைக்கும் கையே அதையும் செய்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தெரியாது.

இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தை பிழைக்கப் போவதில்லை. நம்பாத தாய்க்கு அது வெறும் தண்ணீர். நம்புகிற நர்ஸுக்கோ ஓர் ஆன்மா. வாதம் பலமானதுதான், உள்நோக்கமும் கெட்டதல்ல. ஆனால் தாய் குழந்தையை அந்தக் கையில் கொடுத்தது ஈரத்துணிக்காக. மறைத்துச் செய்ததிலேயே, கேட்டால் அவள் சம்மதிக்கமாட்டாள் என்பது செய்தவருக்குத் தெரியும் என்பது தெரிகிறது. இது இன்றைய அளவுகோலை அன்றைக்கு மாட்டுவது என்றும் சொல்ல முடியாது. 1854-ல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலோடு ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன 38 பெண்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். நோயாளிகளை மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற சண்டை அங்கேயே வெடித்தது. வார்டில் மதப் பிரசாரம் கூடாது என்ற கட்டுப்பாடும் அப்போதே இருந்தது.

1954 நவம்பர் 1-ல் காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைந்தது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் இப்போது எந்த மதமாகவும் இருக்கலாம். சோதனையின் வடிவமும் மாறிவிட்டது. சனி பகவானின் திருநள்ளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில், பிரசவ அறை வாசலில் முதல் கேள்வி பிள்ளையா பெண்ணா என்பது; இரண்டாவது, “நேரத்தைச் சரியாப் பாத்தீங்களா, சிஸ்டர்?” ஜாதகத்தின் முதல் வரியை எழுதுபவர் அவர்தான். ஜோசியத்தில் அவருக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சுவர்க் கடிகாரம் காட்டிய நேரத்தை அப்படியே பதிவேட்டில் எழுதுவதே அவர் கடமை. நாலு நிமிஷம் தள்ளி எழுதினால் நட்சத்திரம் மாறிவிடும் என்று பாட்டி கெஞ்சினாலும் அது மாறக்கூடாது. நல்ல நேரம் பார்த்துச் சிசேரியன் கேட்பதைவிட இது சின்ன விஷயந்தான். ஆனால் பொய்யை எழுதச் சொல்வது இங்கே டாக்டரிடம் அல்ல, நர்ஸிடம்.

பெரிய சிக்கல் 1971-ல் வந்தது. அந்த ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் பதிவு பெற்ற டாக்டரைப் பற்றிப் பேசுகிறது. கருவி எடுத்துக் கொடுத்து, கலைந்ததை ஏந்தும் நர்ஸை மனச்சாட்சியோடு சேர்த்துப் பேசவில்லை. 2021-ன் திருத்தமும் பேசவில்லை. பிரிட்டனின் 1967-ம் ஆண்டுச் சட்டம், மனச்சாட்சி இடம் தராதவர் பங்கேற்க வேண்டியதில்லை என்றது. உயிர் போகும் ஆபத்தில் அந்த விலக்கு செல்லாது என்றும் சேர்த்தே எழுதியது. பிரான்ஸின் 1975-ம் ஆண்டுச் சட்டம் டாக்டர், மருத்துவச்சி, நர்ஸ் என்று ஒவ்வொருவரையும் சொல்லி விலக்குக் கொடுத்தது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. கன்னியரை வைத்து இங்கே ஆஸ்பத்திரி நடத்திய நாடு, நர்ஸின் மனச்சாட்சியைத் தன் ஊரில் அவ்வளவு தாமதமாகத்தான் சட்டத்தில் ஏற்றியது.

விலக்கு வேண்டாம் என்பவர்களிடம் இரண்டு வலுவான காரணங்கள் உண்டு. ஒன்று, சின்ன ஊரில், இரவு டியூட்டியில் இருக்கிற ஒரே நர்ஸ் மறுத்தால் அது அந்தப் பெண்ணுக்குக் கதவடைப்பதாகும். இரண்டாவது இன்னும் கூர்மையானது: தீட்டும் ஒரு நம்பிக்கைதானே? இன்று கருக்கலைப்பை மறுப்பவருக்கு இடம் கொடுத்தால், நாளை சேரிக்காரரைத் தொடமாட்டேன் என்பவரும் அதே கதவைத் தட்டுவார். இந்த நாட்டில் அது கற்பனைப் பயமல்ல. தீண்டாமையைச் சொல்லி மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதை 1955-ன் சட்டம் குற்றமாக்கியது சும்மா அல்ல. ஆனால் கோடு எங்கே என்பதை அந்தச் சட்டமே காட்டுகிறது: அது தண்டிப்பது ஆளை மறுப்பதை. ஒரு செயலில் பங்கேற்க மறுப்பது வேறு. கிளாஸ்கோவின் இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகள், பிரசவ வார்டில் கருக்கலைப்பில் ஈடுபடும் மற்றவர்களை மேற்பார்ப்பதற்கும் விலக்குக் கேட்டபோது, 2014-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தரவில்லை. விலக்கு நேரடியாகக் கைவைக்கும் வேலைக்கு மட்டும் என்றது. அந்த அளவு எனக்குச் சரியாகப் படுகிறது. கலைப்புக்குப் பிறகு இரத்தம் போகிற பெண்ணுக்கு ஓட வேண்டியதும், அவளை ஒரு பார்வையால்கூடக் குத்தாமலிருப்பதும் மறுத்த நர்ஸுக்கும் கடமைதான். முதல் காரணத்துக்கான பதில் டியூட்டி அட்டவணையில் இருக்கிறது. யார் எதில் நிற்கமாட்டார் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருந்தால், அந்த இரவில் இன்னொருவரைப் போடலாம். ஆள் இல்லாத நெருக்கடியில் விலக்கு செல்லாது என்றும் அதே தாளில் எழுதலாம். எழுத்தில் இல்லாதவரை அது மேட்ரனின் தயவு. நிரந்தர வேலையில் இருக்கும் மூத்த நர்ஸ் ஒரு வார்த்தை சொல்லி டியூட்டியை மாற்றிக்கொள்வார். ஒப்பந்தத்தில் சேர்ந்த இளம்பெண் வாய் திறக்காமல் டிரேயைத் தூக்குவார்.