டிஜிட்டல் சமூகக் கல்வி, பெங்களூரு

கணினியும் இணையமும் ஆட்சி, தொழில், உறவு ஆகியவற்றை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைச் சமூக அறிவியல் நோக்கில் ஆராயும் துறை டிஜிட்டல் சமூகக் கல்வி எனப்படும். 1999இல் தொடங்கப்பெற்று, இன்று எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் இயங்கும் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகம் (ஐ.ஐ.ஐ.டி.) இத்துறையில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை வகுத்தது. தொழில்நுட்பம் கற்பிக்க எழுந்த நிறுவனமே அதன் சமூக விளைவுகளையும் பாடமாக்கியது பாராட்டத்தக்கது.

இத்தகைய ஆய்வுக்குக் கர்நாடகமே வளமான களம். நிலப் பதிவேடுகளைக் கணினிமயமாக்கிய ‘பூமி’ திட்டத்தால், உரிமை, குத்தகை, பயிர் விவரங்களைக் காட்டுவதும் முன்பு கிராமக் கணக்கர் கையால் எழுதித் தந்ததுமான ‘பஹணி’ என்னும் சான்றை, உழவர்கள் தாலுகா அலுவலகத்திலேயே 15 ரூபாய்க்கு அச்சிட்டுப் பெற்றனர். கணக்கரின் பிடி தளர்ந்தது. ஆயினும் பெருநிறுவனங்கள் நிலம் தேடி வாங்குவதையும் இத்திட்டம் எளிதாக்கிவிட்டது என்று ஆய்வாளர் சிலர் சுட்டினர்.